மின்மினி பார்க்கப் போன வழியில் ஒரு தோட்டம்

பங்கோர் தீவில் மூன்று நாள், கடலும் மணலும் சுட்ட மீனுமாகப் போனதே தெரியவில்லை. நான்காம் நாள் காலை படகில் லுமுட் வந்து இறங்கியபோது சென்னைத் தோழிக்கும் அவள் கணவருக்கும் முகம் வாடிவிட்டது. மறுநாள் காலை அவர்களுக்கு விமானம்.

“இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கு. நேரா கோலாலம்பூர் போய் ஓட்டல் அறையில உட்காரப் போறோமா?” என்றாள் தோழி.

அதனால்தான் நெடுஞ்சாலையை விட்டுவிட்டுக் கரையோரம் போகும் ஐந்தாம் எண் சாலையைப் பிடித்தேன். சபாக் பெர்ணம், சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கடைசியில் கோலாசிலாங்கூர். இரவில் மின்மினிப் பூச்சிகளைக் காட்டிவிட்டு வீடு திரும்புவது என்று திட்டம்.

செகிஞ்சானில் வயல்களைப் பார்த்ததும் தோழி காரை நிறுத்தச் சொன்னாள். தஞ்சாவூர்க்காரி அவள். கண்ணுக்கெட்டிய வரை பச்சை, நேர்கோடாக ஓடும் வாய்க்கால்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் என்றேன். வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். “எங்க ஊர் மாதிரியே இருக்கு, ஆனா மாட்டைத்தான் காணோம்” என்று சிரித்தாள்.

மதியத்துக்குள் புக்கிட் மெலாவாத்தி குன்றில் இருந்தோம். சிலாங்கூர் சுல்தான்களின் பழைய தலைநகரம் இது. 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். பெயர் மட்டும் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீரங்கிகள், சுல்தான்களின் சமாதி எல்லாவற்றையும் காட்டினேன். சாம்பல் நிறக் குரங்குகள் பயற்றங்காய்க்காக மடியில் வந்து உட்கார்ந்தன. அவற்றின் குட்டிகள் மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். வளர வளரத்தான் சாம்பலாகுமாம்.

குன்றின் மேலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த தோழியின் கணவர் மெதுவாகக் கேட்டார்: “சுல்தான் கதை சொன்னீங்க, டச்சுக்காரன் கதை சொன்னீங்க. இதுல உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. வானொலியில் வாரக் கடைசி வந்தால் எங்கே போகலாம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! குன்று, மின்மினி, கண்ணாடிக் கடல், செகிஞ்சான் மாம்பழம் எல்லாம் வாயில் வரும். என் அம்மா பிறந்த தோட்டம் இந்தக் குன்றிலிருந்து காரில் அரை மணி நேரம்தான். அதை ஒரு முறை கூடச் சொன்னதில்லை.

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானில் மகனோடு இருக்கிறார். எழுபதைத் தாண்டியும் ஊரின் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தையை விட மாட்டார். “தோட்டத்தைப் பாக்கவா? அங்க என்னம்மா இருக்கு பாக்க?” என்றார். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சேலை மாற்றி, பூ வைத்து, கையில் கற்பூரப் பையோடு வாசலில் நின்றார்.

சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. “இதெல்லாம் எப்போதிருந்து?” என்றாள் தோழி. அந்தக் கேள்விக்கு விடையும் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தார். செம்பனையை முதலில் அழகுக்காகத்தான் நட்டார். பிறகு 1917-இல் தெனமாரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகப் பயிரிட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் ‘தென்னமரம்’ என்றே கேட்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மரம் தென்னை மரத்தின் பெயரில் வேரூன்றிவிட்டது! அவர் மலாயாவை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. நம் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள்.

துரைக்குப் பரிசும் புத்தகமும் இருக்கின்றன. காட்டை வெட்டி, கன்று நட்டு, பால் எடுத்தவர்களுக்கு என்ன இருக்கிறது? அதைப் பெரியம்மாதான் காட்டினார்.

தோட்டத்து மண்சாலையில் கார் நின்றது. லயம் இருந்த இடத்தில் செம்பனை வரிசை. “இது ஆறாம் லயம், இது ஏழாம் லயம், இங்க ஆயாக்கொட்டகை, அங்க பெரட்டுக் களம்” என்று வெறும் மரங்களைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கிணற்றடிக் கல் மட்டும் மிச்சம். அதன் மேல் கை வைத்து, “எங்கம்மா துணி துவச்ச கல்லு” என்றார். விடிவதற்கு முன்பே எழுந்து பெரட்டுக்குப் போனது, மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது, எல்லாம் சொன்னார். சென்னைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நடந்தார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சேர்த்தேன். பக்கத்துக் கிள்ளான் வட்டாரத்தில் 1941-இல் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. சம்பளத்தோடு சேர்த்துக் கேட்ட மரியாதை அது. படையை அனுப்பி அடக்கினார்கள், உயிர்கள் போயின.

மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது, புதுச் சாயத்தோடு. தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர். ஆனால் திருவிழா வந்தால் ஷா ஆலாமிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கார்கள் வந்து சேரும் என்றார் பெரியம்மா. பெயர்ந்து போனவர்களுக்கு ஊர் என்பது ஆண்டுக்கு ஒரு நாள். தமிழ்ப்பள்ளிகளும் அப்படித்தான். தோட்டம் போன பிறகும், இடம் மாறிய பிறகும், பெயர்ப் பலகையில் ‘லாடாங்’ என்ற சொல் நிற்கிறது.

பெயர்ந்தவர்கள் எல்லாரும் நல்லபடியாகப் பெயரவில்லை. நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அலைந்ததை நம் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் உழைத்தவர்களுக்கு, வேலை முடிந்த அன்றே வீடும் முடிந்துவிடும். லயம் என்றைக்கும் அவர்களுடையதாக இருந்ததில்லை.

பொழுது சாய்ந்தது. “இருட்டின பிறகு மின்மினி பாக்கப் போறோம், நீங்களும் வாங்க பெரியம்மா” என்றேன்.

“மின்மினியைப் பாக்கக் காசா?” என்று சிரித்தார். “சின்னப் புள்ளையில ஆத்தங்கரையில சும்மாவே பாத்திருக்கோம்.” படகில் ஏறிப் பார்த்ததில்லையாம். இத்தனை ஆண்டு இவ்வளவு பக்கத்தில் இருந்தும்!

கம்போங் குவாந்தானில் எட்டு மணிக்கு சம்பானில் ஏறினோம். ஒரு சம்பானில் நான்கு பேர், எங்களுக்குச் சரியாக இருந்தது. மோட்டார் இல்லை, துடுப்புதான். டார்ச்சும் கேமரா வெளிச்சமும் கூடாது. நிலா இல்லாத இரவு எங்கள் அதிர்ஷ்டம். சிலாங்கூர் ஆற்றின் ஓரத்தில் பெரெம்பாங் மரங்கள் ஒவ்வொன்றும் விளக்குச் சரம் சுற்றியது போல ஒளிர்ந்தன. சற்று உற்றுப் பார்த்தால், ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் எரிந்து அணைவது தெரிகிறது.

படகோட்டி மலாய்க்காரர். மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது என்றார். இந்தப் பூச்சி மரத்தில் பிறப்பதில்லை. புழுவாக இருக்கும்போது கரையோரத்து ஈர மண்ணில், நீப்பா மரங்களுக்கு அடியில், சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை அழித்துச் செம்பனை நட்டால் மரம் நிற்கும், வெளிச்சம் போய்விடும்.

நான் அந்தக் கோயிலை நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. படகு திரும்பும்போதுதான் சொன்னார்: “விடியக்கால இருட்டுல எங்கம்மாவும் மத்தவங்களும் தலையில விளக்கைக் கட்டிக்கிட்டுப் பால் வெட்டுவாங்க. லயத்து வாசல்ல நின்னு பாத்தா, மரத்துக்கு மரம் வெளிச்சம் தாவித் தாவிப் போகும். இதே மாதிரிதான் இருக்கும்.”

தோழி இருட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பான் கரை தட்டும் வரை விடவில்லை.

மறுநாள் விமான நிலையத்தில் அவள் கணவர் சொன்னார்: “பங்கோர் மாதிரி கடல் இன்னொரு இடத்துலயும் கிடைக்கும். அந்தத் துணி துவைக்கிற கல்லு கிடைக்காது.”

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் தீவையும் குன்றையும் மின்மினியையும் தாராளமாகக் காட்டுங்கள், மூன்றும் அழகுதான். ஆனால் திரும்பும் வழியில் அரை நாள் ஒதுக்கி, உங்கள் குடும்பம் வந்த தோட்டத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பெரியம்மாவோ தாத்தாவோ இருந்தால் அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆறாம் லயம் எங்கே இருந்தது என்று காட்ட அங்கே பலகை எதுவும் இல்லை. அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.