ஓட்டை வாளியில் வெண்டைக்காய்!

முழுப்பரீட்சை முடிந்ததா? 'வெயிலில் ஆடாதே' என்று வீட்டில் அதட்டுகிறார்களா? கவலை வேண்டாம். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். பள்ளி திறக்கும்போது நீங்கள் வளர்த்த வெண்டைக்காய் சாம்பாரில் மிதக்கும்!

தொட்டி வாங்கக் காசு வேண்டாம். ஓட்டை வாளி, விரிசல் விட்ட குடம், எண்ணெய் டின், அரிசிச் சாக்கு, எல்லாமே தொட்டிதான். பெயின்ட், பூச்சி மருந்து இருந்த டப்பாக்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். நாம் சாப்பிடப் போகும் காய் அல்லவா?

அடியில் நாலைந்து துளை தேவை. அதைப் பெரியவர்கள் போட்டுத் தரட்டும். செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவு பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

எதை விதைக்கலாம்?

வெயிலைத் தாங்குபவை வெண்டை, கொத்தவரை, கீரை. வெண்டை விதையை இரவு ஊறவைத்து, காலையில் ஒரு விரல்கணு ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். சுமார் 45 நாளில் காய் பறிக்கலாம். முளைக்கீரை இன்னும் வேகம். மூன்றே வாரத்தில் கூட்டு ரெடி!

வேருக்கும் வியர்க்குமா?

தரையில் வளரும் செடியின் வேர் பூமிக்குள் குளுமையாக இருக்கும். தொட்டிச் செடிக்கு அந்த வசதி இல்லை. வெயில் நாலு பக்கமும் தாக்கும். கறுப்பு நிறம் வெப்பத்தை இழுக்கும். வெள்ளை திருப்பி அனுப்பும். அதனால் தொட்டியின் வெளிப்பக்கத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றுங்கள். மொட்டை மாடித் தரை சுடும். தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் வைக்காதீர்கள். காற்றடித்தால் யார் தலையிலாவது விழும்!

மண் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் போகாது. நண்பகலில் பழைய பருத்திப் புடவையால் நிழல் கட்டலாம்.

மதியம் இலை தொங்கினால் பயந்துவிடாதீர்கள். இலை வழியே வெளியேறும் நீரை வேரால் அதே வேகத்தில் ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான். மாலையில் தானே நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே தண்ணீர் தேவை.

தண்ணீர் எங்கே?

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அதனால் குடிநீரைக் கொட்ட வேண்டாம். அரிசி, காய்கறி கழுவிய நீரே போதும். சோப்பு நீர், உப்பு நீர் ஆகாது. வெயில் ஏறும் முன்பும், சாய்ந்த பிறகும் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறீர்களா? கிளம்பும் முன் தொட்டிகளை எல்லாம் நிழலில் நெருக்கி வையுங்கள். பக்கத்து வீட்டு நண்பனிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். இந்த வெயிலில் இரண்டு நாள் மறந்தாலே செடியின் உயிர் போய்விடும். ஊற்றிய நண்பனுக்கு முதல் பறிப்பில் பாதி கொடுத்துவிட வேண்டும், சரியா?

வெண்டைப்பூ காலையில் மலர்ந்து அன்றே வாடும். அடுத்த ஐந்தாறு நாளில் பிஞ்சாகப் பறித்துவிடுங்கள். விட்டால் முற்றிவிடும். நுனி 'படக்' என்று ஒடிந்தால் அது உங்கள் வெற்றியின் சத்தம்!