கட்டிடங்கள் சொல்லும் நிறவெறி

தென்னாப்பிரிக்காவில் 1948இல் ஆட்சியைப் பிடித்த தேசியக் கட்சி, மக்களை நிறத்தால் பிரித்து வாழவைக்கும் அப்பார்தைட் என்னும் இன ஒதுக்கல் கொள்கையைச் சட்டப் புத்தகத்தோடு நிறுத்திவிடாமல், சாலை, ரயில் பாதை, வீட்டுமனை, வேலி என நிலத்திலேயே கட்டியெழுப்பியது. எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதை 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் வரையறுக்க, அப்பகுதிகளுக்கு நடுவே ஆளற்ற இடைவெளி இருக்கும்படி நகரத் திட்டமிடுவோர் பார்த்துக்கொண்டனர். ஆறும் ரயில் பாதையும் தொழிற்பேட்டையும் அதற்கு உதவின. 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்ட கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டதும், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து தமிழ் வம்சாவளியினர் உள்ளிட்ட இந்தியர்கள் அகற்றப்பட்டதும் இச்சட்டத்தின் பெயரால்தான். 1991இல் சட்டம் நீக்கப்பட்டாலும் அது வகுத்த ஊரமைப்பு அப்படியே நின்றுவிட்டதால், அதைப் படம்பிடிப்பது வரலாற்றைப் படம்பிடிப்பதாகவும் ஆகிறது.

இவ்வகைப் படங்களில் அதிகம் அறியப்பட்டவை ஒளிப்படக் கலைஞர் ஜானி மில்லர் எடுத்தவை. கேப் டவுனை ஒட்டிய மசிபுமெலேலேயின் நெருக்கமான தகரக் குடிசைகளையும், சதுப்புநிலத்துக்கும் மின்வேலிக்கும் அப்பால் தாராளமாக இடம்விட்டு அமைந்த லேக் மிஷெல் குடியிருப்பின் வீடுகளையும் 2016இல் அவர் ட்ரோன் மூலம் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். தரையில் நிற்பவருக்கு ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தெரியாதபடி மரங்களும் மதில்களும் மறைத்துவிடுவதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த உயரம் தேவையாகிறது. ஆனால் அதே உயரத்திலிருந்து பார்க்கையில் மனிதர்கள் புள்ளிகளாகிவிடுகிறார்கள் என்பதோடு, அந்த வேலியைப் போட்டது யார் என்பதையும் படம் சொல்வதில்லை. பழைய வேலிகளை இனச்சட்டம் போட்டதென்றால் இதைப் போட்டது மனை விலையும் தனியார் காவலும்தான். நிறப் பிரிவினை வர்க்கப் பிரிவினையாக உருமாறிய இந்தக் கதை வான்வழிப் படத்தில் வெறும் வடிவமாக, சற்று அழகாகவும்கூட, எஞ்சுகிறது.

இக்குறையை வெகுகாலம் முன்பே உணர்ந்தவர்போல் இயங்கியவர் ஒளிப்படக் கலைஞர் டேவிட் கோல்ட்பிளாட் (1930–2018). ரேண்ட்ஃபோன்டெய்ன் என்னும் சுரங்க ஊரில் பிறந்த அவர், கலவரங்களையும் ஊர்வலங்களையும்விட அவற்றுக்கு இட்டுச்சென்ற அன்றாட நிலைமைகளிலேயே நாட்டம் கொண்டு, தேவாலயங்கள், வீடுகள், நினைவுச்சின்னங்கள் ஆகியவற்றைப் படமெடுத்து, கட்டுமானங்களைப் பற்றிய பெரும் நூலொன்றை 1998இல் வெளியிட்டார். 1993இல் கேப் டவுனின் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில் அவர் எடுத்த படமொன்றில் முறுக்கிப் படர்ந்த காட்டுவாதுமைப் புதரைத் தவிர வேறெதுவும் இல்லை. மண்ணின் மைந்தர்களான கோய் மக்களையும் அவர்களுடைய மாடுகளையும் டச்சுக் குடியேற்றத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதற்காக 1660இல் அக்குடியேற்றத்தின் தலைவர் யான் வான் ரீபேக் நட்டுவைத்த வேலியின் மிச்சம் அது என்பதைப் படக்குறிப்பு சொன்ன பிறகுதான் புதர் எல்லைக்கோடாகத் தெரியத் தொடங்குகிறது.

கோல்ட்பிளாட்டின் படக்குறிப்புகள் பெரும்பாலும் ஓர் அரசாங்கப் பதிவேட்டின் நிதானத்துடன் எழுதப்பட்டவை. 1984 அக்டோபர் 11 அன்று கிராஸ்ரோட்ஸ் குடியிருப்பில், குடிசை பிய்த்தெறியப்பட்ட இடத்தில் ஒரு தாயும் குழந்தையும் இருக்கும் படத்துக்கு அவர் இரக்கச் சொல் எதையும் சேர்க்காமல், இடித்தவர்கள் மேற்குக் கேப் வளர்ச்சி வாரியத்தின் அதிகாரிகள் என்று பதிவுசெய்கிறார். வளர்ச்சி வாரியம் குடிசை இடித்த முரண்பாட்டை வாசகரே கண்டுகொள்ள வேண்டியதுதான். படம் துயரத்தைக் காட்டப் பொறுப்பாளியைக் குறிப்பு காட்டுகிறது. இந்த வேலைப் பங்கீடு இல்லாதபோது வறுமை யாரும் செய்யாமல் தானாக முளைத்ததுபோல் தோன்றிவிடும்.

கறுப்பர் தலைமையிலான ஜனநாயக அரசு 1994இல் வந்த பிறகும் அவர் இம்முறையைக் கைவிடவில்லை. கிழக்குக் கேப் மாகாணத்தின் லேடி கிரே என்ற சிற்றூரில் 2006இல் எடுத்த வண்ணப்படத்தில் பாதியில் நின்ற சிறு வீடுகள் வெட்டவெளியில் வரிசையாக நிற்கின்றன. திட்டமிட்டவை 1,000 வீடுகள் என்றும், 1998இல் பணம் ஒதுக்கப்பட்டு 2003இல்தான் வேலை தொடங்கியது என்றும், தண்ணீர்ப் பற்றாக்குறை, பொருள் திருட்டு, மண்ணில் களி மிகுதி, நிதிக் குறைவு எனப் பொறுப்பிலிருந்தோர் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள் என்றும், 2006 ஆகஸ்டுக்குள் முடிந்தவை 420 மட்டுமே என்றும் அதன் குறிப்பு அடுக்கிக்கொண்டே போகிறது.