வீட்டுத் தொட்டியில் கொத்தமல்லி: வாரந்தோறும் ஒரு கட்டு கிடைக்க என்ன செய்யலாம்?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கொத்தமல்லி பற்றி இரண்டு குறைகளைச் சொல்வார்கள். ஒன்று, விதை முளைப்பதில்லை. மற்றொன்று, முளைத்தாலும் தழை சேர்வதற்குள் பூத்துவிடுகிறது. விதை, இடம், விதைக்கும் காலம் ஆகிய மூன்றையும் கவனித்தால் இரண்டு குறைகளும் தீரும்.

விதைத் தேர்வு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2, கோ 3, கோ (சி.ஆர்) 4 ஆகிய ரகங்கள் உள்ளன. மளிகைக் கடைத் தனியாவும் முளைக்கும். ஆனால் பழைய இருப்பாக இருந்தால் முளைப்புத்திறன் குறைந்திருக்கும். எனவே 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். 10 முதல் 12 நாட்களில் 12 விதைகளாவது முளைத்தால் விதைக்கலாம்.

கடையில் வாங்கும் விதைப் பொட்டலங்களில் பூஞ்சாணக்கொல்லி கலந்து நிறமேற்றிய விதைகளும் உண்டு. மீதமாகும் அந்த விதைகளை எக்காரணம் கொண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

விதைப்பு

நாம் ஒரு விதை என்று நினைக்கும் உருண்டை, உண்மையில் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும் காய். கெட்டியான தரையில் பரப்பி, செருப்பின் அடிப்பாகம் அல்லது கட்டையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் உள்ளிருக்கும் பருப்பு நசுங்கிவிடும். உடைத்த விதையை 12 மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்கவும்.

ஆணிவேர்ப் பயிர் என்பதால் நாற்று விட்டுப் பிடுங்கி நடக் கூடாது. முக்கால் அடியாவது ஆழமுள்ள தொட்டி அல்லது வளர்ப்புப் பையில் நேரடியாக விதைக்க வேண்டும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்க்கலாம். 2 அடி நீளம், 1 அடி அகலம் உள்ள பைக்கு ஒரு தேக்கரண்டி விதை போதும். அரை அங்குல ஆழத்தில் வரிசையாக விதைத்து, பூவாளியால் நீர் ஊற்றவும். 8 முதல் 15 நாட்களில் முளைக்கும்.

வெயிலும் பூப்பும்

கொத்தமல்லி குளிர்ந்த பருவத்தை விரும்பும் பயிர். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தழை நன்கு சேரும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போதும், மண் அடிக்கடி காய்ந்து போகும்போதும் செடி விரைவில் பூக்கத் தொடங்கும். சமவெளிப் பகுதிகளில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில், நிழல்வலையின் கீழ் வளர்க்கலாம். பூந்தண்டு எழும்பிய செடி மீண்டும் தழைப் பருவத்துக்குத் திரும்பாது, உரமிட்டும் பயனில்லை.

பராமரிப்பு

மேல்மண் காயும்போது மட்டும் நீர் விடவும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். விதைத்த 20-ஆம் நாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடலாம். தழையைப் பச்சையாகவும் உண்பதால், பஞ்சகவ்யா போன்ற சாணக் கரைசல்களை இலையில் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுவதே பாதுகாப்பானது.

அசுவினி தென்பட்டால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டலாம். கட்டுப்படாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயுடன் சிறிது காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கவும். அதன்பின் ஒரு வாரம் கழித்தே அறுவடை செய்து, நன்கு கழுவிப் பயன்படுத்தவும்.

அறுவடை

விதைத்த 30 முதல் 40 நாட்களில் அறுவடைக்கு வரும். வேரோடு பிடுங்காமல், நடுக்குருத்தை விட்டு வெளித்தண்டுகளை மட்டும் கிள்ளினால் இரண்டு, மூன்று முறை பறிக்கலாம். அதற்கு மேல் அந்தச் செடியை நம்பியிருக்க வேண்டாம். நான்கு பைகளை வைத்துக்கொண்டு, 15 நாட்களுக்கு ஒன்றாக விதைத்து வாருங்கள். முதல் பை ஓயும்போது அடுத்தது பறிப்புக்குத் தயாராக இருக்கும். மழைக்காலத்தில் கட்டு விலை ஏறினாலும் ரசத்துக்கும் சட்னிக்கும் தட்டுப்பாடு வராது.

ஒரு பையில் நான்கைந்து செடிகளைப் பூக்க விடுங்கள். அசுவினியை உண்ணும் பொறிவண்டுகளும் தேனீக்களும் வரும். 90 முதல் 110 நாட்களில் காய்கள் முற்றியதும் உலர்த்தி எடுத்தால், அடுத்த பருவத்துக்கு மருந்து கலக்காத சொந்த விதை கையில் இருக்கும்.