விண்ணுடையும் வண்ணமும்

விண்ணுடையும் தலைக்கவசமும் அணிந்தபின் வீரர் அனைவரும் ஒன்றுபோலவே தோன்றுவர். உள்ளிருப்பவர் எவர் என்று அறிவது எளிதன்று. மனிதன் விண்ணை அடையும் முன்பே இச்சிக்கலை எதிர்கொண்டவர்கள் திரைக்கலைஞர்கள்.

1950இல் வெளியான ‘டெஸ்டினேஷன் மூன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் நிலவுக்குச் செல்லும் நால்வருக்கும் வெவ்வேறு நிற உடைகள் தரப்பட்டன. நிறத்தைக் கொண்டே பார்வையாளர் அவர்களை இனங்கண்டனர். வெற்றிடத்தில் உடையினுள் உள்ள காற்று அதனை உப்பச் செய்யும் என்பதால், உடைகளுக்குள் திணிப்பும் வைக்கப்பட்டது. இது வெறும் கற்பனையன்று. 1965இல் விண்வெளியில் முதன்முதலாக நடந்த அலெக்சி லியோனவ், உடை உப்பியதால் கலத்தினுள் நுழைய இயலாமல் தவித்தார். உடைக்காற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிய பின்னரே உள்ளே திரும்பினார்.

நிறத்தின் தேவையோ இன்னும் தாமதமாகவே உணரப்பட்டது. 1969இல் நிலவில் நடந்த அப்பல்லோ 11, 12 வீரர்கள் அனைவரும் வெண்ணிற உடையே அணிந்திருந்தனர். ஒளிப்படங்களில் அவர்களைப் பிரித்தறிவது கடினமாயிற்று. கதிரவனின் வெப்பத்தை எதிரொளிக்கும் வெண்மையைக் கைவிடவும் இயலாது. ஆகவே, பயணத் தலைவரின் கைகளிலும் கால்களிலும் தலைக்கவசத்திலும் சிவப்புப் பட்டைகள் சேர்க்கப்பட்டன. 1971இல் அப்பல்லோ 14இன் தலைவர் ஆலன் ஷெப்பர்டு அப்பட்டைகளுடன் நிலவில் நடந்தார்.