எல்லாவற்றையும் ஹாலில் வைக்கணுமா?

அம்மா காலமானதும், பிறந்த வீட்டுப் பழைய சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றுவிடப் போவதாக அண்ணன் சொன்னார். மனசு கேட்கவில்லை. தேக்குப் பெட்டி, தஞ்சாவூர் ஓவியம், பித்தளை அண்டா, மரவைகள் என்று அத்தனையையும் எங்கள் சின்ன வீட்டுக்குக் கொண்டு வந்து ஹாலில் நிரப்பிவிட்டேன். "இது வீடா, காயலான் கடையா?" என்றார் என்னவர். எனக்கோ அழுகை!

பக்கத்து வீட்டு ஆச்சிதான் வழி சொன்னார். "ஏன் ஆத்தா, செட்டிநாட்டு வீட்டுல எல்லாச் சாமானும் வெளியிலயா கிடக்கும்? பாதி அறைக்குள்ள பூட்டி இருக்கும். விசேஷத்துக்குத்தான் எடுத்துப் பரப்புவோம்."

அன்றே வேலையைத் தொடங்கினேன். சந்தன நிறச் சுவரில் ஓவியம் மட்டும். காலண்டர், போட்டோ எல்லாம் வேறு அறைக்குப் போயின. அதன் கீழே தேக்குப் பெட்டி. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, தங்கரேக்கு பதித்த ஓவியம் அது. ஈரம் ஆகாது என்பதால் ஓதம் ஏறாத சுவராகப் பார்த்து மாட்டினேன். டியூப்லைட் பட்டு ரேக்கு கண்ணைக் கூசியது. பக்கவாட்டில் மஞ்சள் பல்பு போட்டதும் தகதகவென்று ஒரு களை! மரவை ஒன்றில் மகளின் பென்சில்கள். மற்றவை பரணில், பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் மாற்றி எடுப்பேன்.

போன வாரம் வந்த அண்ணன் பெட்டியைத் தடவி, "அம்மா இதுலதானே முறுக்கை ஒளிச்சு வைப்பாங்க" என்றார். குரல் கம்மியது.

விற்பதற்கு முன் ஒரு பொருளையாவது எடுத்து வையுங்கள், தோழிகளே!