கிழங்கில் பிழிந்த நூடுல்ஸ்

சேனைக்கிழங்கு நறுக்க உட்காரும்போது அம்மாவோ பாட்டியோ கையில் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தடவாமல் நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாத சேனையைத் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். கிழங்குக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. அந்த ஊசிகள் குத்துவதால்தான் அரிப்பு. தோண்டித் தின்ன வரும் பிராணிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது.

சேனைக்கு ஜப்பானில் ஒரு நெருங்கிய சொந்தம் இருக்கிறது. பெயர் கொன்யாகு. இரண்டுமே அமார்ஃபோஃபாலஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் விரிந்த பெரிய இலை, மண்ணுக்கடியில் உருண்டைக் கிழங்கு, பூத்தால் அழுகிய இறைச்சி நாற்றம் என்று எல்லாம் அப்படியே ஒத்துப்போகும். அரிப்பும் உண்டு!

அந்தக் கிழங்கிலிருந்து ஜப்பானியர்கள் ஒரு நூடுல்ஸ் செய்கிறார்கள். அதற்கு ஷிராடாகி என்று பெயர். அரிசி, கோதுமை என்று எந்தத் தானியமும் அதில் கிடையாது. பார்ப்பதற்குப் பளபளவென்று, கண்ணாடி மாதிரி இருக்கும். 100 கிராம் ஷிராடாகியில் ஏறக்குறைய 97 கிராம் வெறும் தண்ணீர்! அப்படியானால் மீதி 3 கிராம் எப்படி 97 கிராம் தண்ணீரை இழையாகப் பிடித்து வைத்திருக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் நம் வீட்டு இடியாப்பத்தைப் பார்ப்போம். அரிசி மாவில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கொதிநீர் ஊற்றிப் பிசைந்து ஆவியில் வைத்ததும், மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து வீங்குகின்றன. உள்ளேயிருக்கும் நீண்ட சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் அந்தப் பின்னல் இறுகும். இடியாப்பம் உதிராமல் நிற்பது இதனால்தான். ஆக, மாவுச்சத்து இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, உணவுக்கு உருவம் கொடுக்கிறது. இன்னொன்று, வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாக உடைந்து சக்தி கொடுக்கிறது. தானியத்தை எடுத்துவிட்டு ஒரு பண்டம் செய்யப் போகிறவர், முதல் வேலையை யார் செய்வார் என்று பதில் வைத்திருக்க வேண்டும்.

கொன்யாகுவில் அந்த வேலையைச் செய்வது குளுக்கோமன்னன் என்ற நார்ச்சத்து. குளுக்கோஸும் மன்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் கைகோத்து நிற்கும் நீளமான சங்கிலி அது. தண்ணீரைக் கண்டால் விடாது. ஒரு சிட்டிகை மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் தூவிக் கிளறிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும்.

கொழகொழப்பு மட்டும் போதாதே, இழையாக நிற்க வேண்டுமே! அதற்குத்தான் சுண்ணாம்பு. வெற்றிலையில் தடவுகிறார்களே, அதே நீற்றிய சுண்ணாம்பு. வேதியியலில் கால்சியம் ஹைட்ராக்சைடு. குளுக்கோமன்னன் சங்கிலியில் ஆங்காங்கே அசெட்டைல் என்ற சிறு கிளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சங்கிலிகள் நெருங்க விடாமல் அவை தடுக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தக் கிளைகளைக் கழற்றிவிடுகிறது. தடை போனதும் சங்கிலிகள் நெருங்கிப் பிணைந்து வலையாகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கிறது. இந்தக் கரைசலைச் சின்னத் துளைகள் வழியே வெந்நீருக்குள் பிழிந்தால் இழை தயார். நாம் இடியாப்ப உரலில் பிழிவது போலத்தான். சுண்ணாம்பு கிடைக்காத காலத்தில் சாம்பலைக் கரைத்த நீரைச் சேர்த்தார்கள். அதுவும் காரம்தான்.

இந்தப் பின்னலுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜெலட்டின் ஜெல்லியைச் சூடாக்கினால் உருகிவிடும். அகர் அகர் கொதிநிலைக்குச் சற்று முன்பே உருகிவிடும். கொன்யாகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் உருகாது. அதனால்தான் ஜப்பானியர்கள் சுகியாகி என்ற கொதிக்கும் குழம்பில் இறைச்சியோடு ஷிராடாகியைப் போட்டு வேகவைக்கிறார்கள். ஆனால் உறைய வைத்தால் தோற்றுப்போகும். உள்ளே பனிக்கட்டி வளர்ந்து வலையைக் கிழித்துவிடும். பிறகு அது வெறும் பஞ்சு. முகம் கழுவும் கொன்யாகுப் பஞ்சு என்று கடைகளில் விற்கிறார்களே, அது இப்படிப் பிறந்ததுதான்.

பச்சைக் கிழங்கு சீக்கிரம் அழுகிவிடும். அதனால் முன்பு அறுவடைக் காலத்தில், விளைந்த ஊர்ப் பக்கத்தில்தான் கொன்யாகு சாப்பிட முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டில், இன்றைய இபராகி மாகாணப் பகுதியில் வாழ்ந்த நகாஜிமா தோஎமொன் என்ற விவசாயி, மண்வெட்டி பட்டுச் சிதைந்த கிழங்கின் வெட்டுமுகம் அழுகாமல் வெள்ளையாகக் காய்ந்திருப்பதைக் கவனித்தாராம். கிழங்கைச் சீவி, காயவைத்து, இடித்து மாவாக்கும் முறை அவரால் வந்தது. குளுக்கோமன்னன் கிழங்கில் தனியான பெரிய செல்களுக்குள் இருக்கும். இடித்ததும் அவை கனமான மணிகளாக நிற்கும். மாவுச்சத்தும் மற்றவையும் நுண்தூளாகிவிடும். காற்றை வீசினால் தூள் பறந்துவிடும், மணி தங்கும். ஒரு விவசாயி கூர்ந்து பார்த்ததால் மலைக்கிராமத்துப் பண்டம் நாடு முழுக்கப் பரவியது. இன்று ஜப்பானில் விளையும் கொன்யாகுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குன்மா மாகாணத்தில் விளைகிறது. அங்கே குளிர்காலம் கடுமை. ஆகவே இலையுதிர்காலத்தில் விதைக்கிழங்கைத் தோண்டி எடுத்துப் பத்திரப்படுத்தி, வசந்தத்தில் மறுபடி நடுகிறார்கள். அறுவடைக்கு இரண்டு, மூன்று வருடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

சரி, இரண்டாவது வேலை? ஷிராடாகி சக்தி கொடுக்குமா? அனேகமாக இல்லை. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி உண்டு. ஷிராடாகியில் 10 கலோரிகூட வராது. சங்கிலியின் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம்தான் காரணம். மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இணைந்திருக்கும். குளுக்கோமன்னனில் ஒன்று நிமிர்ந்திருந்தால் அடுத்தது தலைகீழாக இருக்கும். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிக்கு முதல் வகை இணைப்பைத்தான் வெட்டத் தெரியும். ஒரு வாய் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பாருங்கள், மெல்ல இனிக்கும். ஷிராடாகியை எவ்வளவு மென்றாலும் இனிக்காது. அது சிறுகுடலையும் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பங்கை நொதிக்க வைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. மருந்துக்கடையில் காயத்துக்கு வாங்கும் பழுப்பு நிற அயோடின் கரைசலில் சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டில் பல பண்டங்களைச் சிறு துண்டுகளாகப் பரப்பி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும். இடியாப்பம் உடனே கறுக்கும். ஷிராடாகி கிடைத்தால் அதிலும் விடுங்கள், பழுப்பு பழுப்பாகவே நிற்கும். வெந்த சேனையில் விட்டால் கருநீலம்! ஒரே பேரினம்தான், ஆனால் சேனை மாவுச்சத்தைச் சேமிக்கிறது, கொன்யாகு குளுக்கோமன்னனைச் சேமிக்கிறது. மரவள்ளிக்கிழங்கும் அதிலிருந்து வரும் ஜவ்வரிசியும் நன்றாகக் கறுக்கும். அவை தானியம் இல்லைதான், ஆனால் மாவுச்சத்து நிறைய. பாசிப்பயறு பெசரட்டும் கறுக்கும்; பயற்றில் புரதத்தோடு மாவுச்சத்தும் உண்டு. காலிஃப்ளவரைத் துருவி ‘சோறு’ என்று வதக்குகிறார்களே, அதன் நிறம் பெரிதாக மாறாது. தானியம் இல்லாதது வேறு, மாவுச்சத்து இல்லாதது வேறு. இந்த வேறுபாட்டைப் பெரியவர்களே பலமுறை கோட்டை விடுகிறார்கள். சோதித்த துண்டுகளைத் தின்னாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

ஷிராடாகி இப்போது நம் ஊரிலும் பாக்கெட்டில் தண்ணீரோடு கிடைக்கிறது. சிலவற்றில் ஓட்ஸ் நாரும் சேர்ப்பார்கள் என்பதால், தானியமே ஆகாதவர்கள் உறையைப் படிக்க வேண்டும். பிரித்ததும் மீன் வாடை வரும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வடித்து, எண்ணெய் இல்லாத வாணலியில் ஈரம் வற்றப் புரட்டினால் வாடை போய்விடும். தனக்கென்று ருசி கிடையாது. முட்டையும் காய்கறியும் மிளகுத்தூளும் சேர்த்துக் கிளறினால் அந்த ருசியை வாங்கிக்கொள்ளும்.

இரத்தச் சர்க்கரையைக் கவனித்துச் சாப்பிட வேண்டிய தாத்தாவுக்கும் அத்தைக்கும் இது நல்ல மாற்று. வளரும் வயதில் இருக்கும் உங்களுக்குச் சோற்றுக்குப் பதில் இது கூடாது. உடலின் சக்தியில் மூளை எடுத்துக்கொள்ளும் பங்கு பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம். அந்தச் சக்தியை இது தராது. ஆசைக்கு எப்போதாவது சாப்பிடலாம். நீரிழிவுக்கு இன்சுலின் போடும் நண்பர் யாராவது இருந்தால், அவர் மருத்துவரைக் கேட்காமல் இதற்கு மாறக் கூடாது. சோற்றைக் கணக்குப் போட்டு மருந்து எடுத்துக்கொண்டு மாவுச்சத்தே இல்லாததைச் சாப்பிட்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

சாப்பிடும்போது அவசரம் வேண்டாம். வாயில் கரையாத பண்டம் இது. கொன்யாகு சேர்த்த சின்னக் கிண்ண ஜெல்லிகளைக் குழந்தைகள் உறிஞ்சி விழுங்கி, அது தொண்டையில் அடைத்து உயிரிழப்புகள் நேர்ந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2000-களின் தொடக்கத்தில் அவற்றுக்குத் தடை விதித்தது. ஷிராடாகியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, நன்றாக மென்று தின்னுங்கள். மெல்லத் தெரியாத தம்பி தங்கைகளுக்குக் கொடுக்காதீர்கள்.