டிஎஸ்டி கார் ரேலி: வேகமா போனா ஏன் தோற்போம்?

ரேலி என்றதும் புழுதி பறக்கும் வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால், சொந்தக் காரோடு புதியவர்கள் இறங்கும் டிஎஸ்டி ரேலி வேறு. நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்கிட்டு ஓட்டுவதுதான் இங்கே போட்டி. 1999-இல் தொடங்கிய ரெய்டு டி ஹிமாலயாவின் அட்வென்ச்சர் பிரிவும் இப்படித்தான்.

எப்படி நடக்கும்?

சராசரி வேகம் 36 கி.மீ., தூரம் 12 கி.மீ. என்றால் சரியாக 20 நிமிடம். தாமதமானால் பெனால்டி. சீக்கிரம் போனாலும் பெனால்டி. பல போட்டிகளில் இதுதான் அதிகம். நேரம் குறிப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

மீட்டர் ஏன் முக்கியம்?

ரோடு புக்கில் 10 கி.மீ., உங்கள் ஓடோமீட்டரில் 10.3 என்றால் அலட்சியமா விடாதீங்க. திருத்தாவிட்டால் 100 கி.மீ.யில் 3 கி.மீ. பிசகும். 30 கி.மீ. வேகத்தில் அது 6 நிமிடம்.

ஆபத்து எங்கே?

அதே 12 கி.மீ.யில், 5 கி.மீ. தாண்டியதும் ஆட்டு மந்தை 3 நிமிடம் வழிமறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 7 கி.மீ.யை 48 கி.மீ. வேகத்தில் ஓட்டினால்தான் நேரம் சரியாகும். சமவெளியில் சுலபம். மணாலி–லே மலைப்பாதையிலோ ஒரு பக்கம் பள்ளம், எதிரே லாரி. இது பொதுச்சாலை, உங்களுக்காக யாரும் நிற்க மாட்டார்கள். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட பாதிதான். இன்ஜின் திணறும்; பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும் நேவிகேட்டருக்கும் தலை சுற்றலாம்.

வழி அடைபட்டால் நேரச் சலுகை உண்டா என்று விதிமுறையில் முன்பே பாருங்கள். இல்லையென்றால், அந்த 3 நிமிடம் போகட்டும். பட்டியலில் சில இடங்கள் இறங்குவீர்கள், அவ்வளவுதான்.